பெரியக்காவின் சின்ன வயிறு

பஸ் டிப்போவில் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் பெரியவள் என்பதாலா, உருவத்தில் பெரியவள் என்பதாலா என்று யாரும் விளக்கியதில்லை. அவளும் கேட்டதில்லை. மரியாதையாகத்தானே கூப்பிடுகிறார்கள், அதைப் போய்க் கிளறுவானேன் என்று விட்டுவிட்டாள். அவளைவிட மூத்த டிரைவர்களும் பெரியக்கா என்றே கூப்பிட்டார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கலாம்.

வண்டி ஓட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் பிரேக் போட்டால் நிற்கிற பயணிக்குக் கம்பியைப் பிடிக்க வேண்டியிருக்காது. குறுகலான மார்க்கெட் தெருவில் இரண்டு பக்கமும் லாரிகள் நின்றாலும் ஒரு கீறல் விழாமல் வண்டியைக் கொண்டுபோய்விடுவாள். ஆனால் சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினாலும் ஸ்டியரிங் வயிற்றில் உரசும். பெரிய திருப்பம் வந்தால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும். சீட் பெல்ட்டுக்கு ஒட்டுப் போட்டு நீளமாக்கியிருந்தார்கள். யாராவது தன் உடம்பைப் பற்றிப் பேச வாயெடுப்பதற்குள் அவளே முந்திக்கொண்டு ஒரு கிண்டலை எடுத்துவிடுவாள். ஒருமுறை வயதான பயணி ஒருவர், "வாயும் வயிறுமா இருக்கற பொண்ண இப்படி வண்டி ஓட்ட விட்டிருக்காங்களே" என்று பின்சீட்டில் அங்கலாய்த்தார். அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "இது பிள்ளை இல்லங்கய்யா, எல்லாம் பன்னுதான்" என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

பன் என்று சொன்னதில் பொய் இல்லை. வீட்டுக்காரர் ஒரு ரொட்டிக்கடையில் மாவு பிசைந்து அடுப்பைப் பார்த்துக்கொள்பவர். கடைசி நிறுத்தத்துக்கு எதிரேதான் அந்தக் கடை. அவள் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த காலத்தில், முதல் ட்ரிப்பை முடித்து வண்டியை நிறுத்தியதும், காகிதத்தில் சுற்றிய சூடான பன் ஒன்றை டிரைவர் ஜன்னல் வழியாக நீட்டுவார். பேச்சு என்று பெரிதாக எதுவும் இருக்காது. அவருக்குப் பேச வராது. பல மாதம் இப்படி நீட்டிக்கொண்டே இருந்தவர், ஒருநாள் பன்னைக் கொடுத்துவிட்டுப் போகாமல் ஜன்னல் ஓரத்திலேயே நின்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணம் ஆனது, ஒரு மகள் பிறந்தாள். அவர் என்ன தின்றாலும் ஒடிசலாகவே இருந்தார். அவர் தின்பதெல்லாம் விலாசம் மாறித் தன் உடம்பில் வந்து சேர்கிறது என்று அவள் சொல்லிக்கொள்வாள்.

சாயங்காலம் இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம்தான் அவர்கள் குடும்பம் நடத்திய நேரம். அவர் கடையிலிருந்து கொண்டுவந்ததைப் பிட்டு அவள் தட்டில் வைப்பார். அவள் அன்றைக்கு ரோட்டில் நடந்ததைச் சொல்வாள். வைக்க வைக்க அவள் சாப்பிடுவாள், சொல்லச் சொல்ல அவர் சிரிப்பார். மற்ற வீடுகளில் எப்படியோ, அந்த வீட்டில் அன்பு என்பது ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் போகிற சமாச்சாரமாக இருந்தது.

டிரைவர்களுக்கு ஆண்டுதோறும் உடம்பைச் சோதிப்பார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அவளுக்கு ஏற்கெனவே உண்டு. முழங்கால் படியேறும்போது முனகும். இதையெல்லாம் மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் டாக்டர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். தூங்கும்போது அவளுக்கு மூச்சு நின்று நின்று வருவது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். மூச்சு நின்றதும் அவர் எழுந்து உட்கார்ந்து தோளை உலுக்குவார். அவள் திரும்பிப் படுப்பாள். அதை அவர்கள் ஒரு வியாதியாக நினைத்ததே இல்லை. சோதனைக் கருவியை மாட்டித் தூங்கவைத்துப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி நினைத்தார். தூக்கம் கெட்டவர்கள் விழித்திருக்கும்போதே கண்ணசந்துவிடுவார்கள், பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். அவளை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

வேலை போகவில்லை. பஸ்ஸில் தவறவிட்ட சாமான்களைச் சேர்த்துவைக்கும் அறையில் உட்காரவைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஒரு சுவர் முழுக்கக் குடைகள். இன்னொரு சுவரில் ஒற்றைச் செருப்புகள், குழந்தைகளின் தண்ணீர் பாட்டில்கள், மூக்குக் கண்ணாடிகள், யாரோ ஒருவருடைய பல்செட். பல்லை பஸ்ஸில் விட்டுவிட்டு ஒருவர் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று யோசிப்பதில் அவளுக்கு முதல் வாரம் போனது. அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை. வெளியே வண்டிகள் கிளம்புகிற சத்தம் கேட்கும். சத்தத்தை வைத்தே எந்த வண்டியை யார் ஓட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். கியரை இப்படிப் போட்டு உடைக்கிறானே என்று அங்கிருந்தபடியே பல்லைக் கடிப்பாள்.

உடம்பைக் குறைக்க அவள் பார்க்காத வழி இல்லை. பட்டினி கிடந்தாள், நடந்தாள், புல் மாதிரி இலைகளைத் தின்றாள். கொஞ்சம் இறங்கும், பிறகு வட்டியோடு திரும்பி வரும். கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு சர்ஜன் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இரைப்பையின் மேல்பகுதியில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையைத் தனியாகப் பிரித்து, அதைக் குடலோடு நேராக இணைத்துவிடுவார்கள். மீதி இரைப்பை உள்ளேயே சும்மா கிடக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். ஆயுசு முழுக்க சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். இது மந்திரம் இல்லை, பாதி வேலைதான் எங்களுடையது, மீதி உங்களுடையது என்று சர்ஜன் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

வீட்டுக்காரருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நன்றாக இருக்கிற வயிற்றை எதற்கு வெட்ட வேண்டும் என்று கேட்டார், அதற்கு மேல் பேசவில்லை. அவருடைய அக்கா, அதாவது பெரியக்காவின் நாத்தனார், அவருக்கும் சேர்த்துப் பேசினாள். நாத்தனாரும் கனத்த உடம்புக்காரிதான், சர்க்கரையும் உண்டு. ஆனால் தன் உடம்பு வாகு, பெரியக்காவின் உடம்பு கொழுப்பு என்பது அவள் கட்சி. வாயைக் கட்டத் தெரியாதவர்கள்தான் வயிற்றைக் கட்டிக்கொள்ளப் போவார்கள் என்று போனில் சொன்னாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள்தான் அம்மாவின் பக்கம் நின்றாள். "வண்டி ஓட்டாம நீ அந்த ரூமுக்குள்ள அடைஞ்சு கிடக்கறத என்னால பாக்க முடியலம்மா. பயமா இருந்தா பயந்துக்கிட்டே போய்ப் பண்ணிக்க" என்றாள். பெரியக்காவுக்கு அது பிடித்திருந்தது. பயந்துகொண்டே போய்ப் பண்ணிக்கொண்டாள்.

கண்விழித்ததும் வயிறு வலிக்கும் என்று நினைத்திருந்தாள். வலித்தது தோள்பட்டை. துளை போட்டுச் செய்கிற ஆபரேஷனில் வயிற்றுக்குள் காற்றை நிரப்புவார்கள், அந்தக் காற்று வெளியேறும்வரை தோளில் குத்தும் என்று நர்ஸ் சொன்னார். நடந்தால்தான் போகும் என்று அன்று சாயங்காலமே எழுப்பி நடக்கவிட்டார்கள். ஒரு கையில் மருந்து பாட்டில் தொங்கும் கம்பியும் இன்னொரு கையில் மகளுமாக, வராந்தாவில் அவள் ஆமைபோல் நகர்ந்தாள். மருந்து ஊற்றிக் கொடுக்கும் குட்டிக் கோப்பையில் தண்ணீர் தந்தார்கள். அதை ஒரே மடக்கில் குடிக்கப் போனவளைத் தடுத்து, உதட்டை நனைக்கிற மாதிரி குடிக்கச் சொன்னார்கள். அதற்குள்ளேயே அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டது. மகளிடம், "வாய் இருக்கு, வயித்ததான் காணோம்" என்றாள். சிரித்தால் தையல் இழுத்தது.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுச் சமையலறையைக் கைப்பற்றியிருந்தார். முதலில் தெளிந்த சூப் மட்டும், பிறகு மிக்ஸியில் அடித்த கூழ், அதற்குப் பிறகு மெத்தென்று வெந்தது என்று ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் படிப்படியாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆபரேஷன் வேண்டாம் என்றவர் இப்போது சூப்பைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டினார். எலும்பை வேகவைத்தார், காய்கறியை வேகவைத்தார், வாசனைக்கு ஏதேதோ போட்டுப் பார்த்தார். கிண்ணத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். நாலு ஸ்பூனில் அவள் போதும் என்பாள். இன்னும் ஒரு வாய் என்பார். முடியாது என்பாள். அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டுகிற சத்தம் கேட்கும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பசி போய்விட்டது, ஆசை போகவில்லை. வயிறு கேட்கவே இல்லை, வாய் மட்டும் கேட்டது. அவர் சட்டையில் ஒட்டியிருந்த ரொட்டி வாசனை மூக்கில் ஏறினால் கண் கலங்கியது. துக்க வீட்டில் இருப்பவள்போல் வீட்டுக்குள் நடமாடினாள். செய்திருக்கக் கூடாதோ என்று நினைத்தாள். ஒன்றும் இல்லாததற்கு மகளிடம் எரிந்து விழுந்தாள். ஒருநாள் வேகவைத்த முட்டையைப் பழைய வேகத்தில் இரண்டு வாய் போட்டுவிட்டாள். அது நெஞ்சுக்குழியில் கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது. வாயில் நுரை நுரையாக எச்சில் சுரந்தது. மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் அரைமணி நேரம் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். உணவு ஆலோசகர் திட்டவில்லை. மாவாகிறவரை மென்றுவிட்டு ஸ்பூனைக் கீழே வைக்கணும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது என்று திருப்பிச் சொன்னார். வளைவில் மெதுவாகப் போகக் கற்றவளுக்கு இது வராதா என்று பெரியக்கா தன்னையே கேட்டுக்கொண்டாள். வந்தது, ஆனால் சுலபத்தில் வரவில்லை.

உடம்பு இறங்கத் தொடங்கியபோது மளமளவென்று இறங்கியது. சர்க்கரை மாத்திரையை டாக்டர் பாதியாக்கினார், பிறகு நிறுத்தினார். முழங்கால் முனகுவதை விட்டது. மோதிரம் பாத்திரம் தேய்க்கும்போது கழன்று தொட்டிக்குள் விழுந்தது. இதெல்லாம் நல்ல பக்கம். இன்னொரு பக்கம், தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து குளியலறைத் துளையை அடைத்தது. திரும்ப வளர்ந்துவிடும், புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். மேல்கையிலும் வயிற்றிலும் தோல் தளர்ந்து தொங்கியது. குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றால், வேறு யாருக்கோ தைத்த சட்டையைத் தவறிப்போய்ப் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது. டிப்போவில் பாதிப் பேர் பாராட்டினார்கள். மீதிப் பேர் அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். மெக்கானிக் ஒருவர் மட்டும் நேராக வந்து, என்ன வியாதியாக இருந்தாலும் தைரியமாக இருங்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியாதி போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் புரியவைக்க அவள் படாத பாடுபட்டாள்.

இதற்கிடையில் சாயங்கால மேசை காலியாகிப் போனது. அது எப்போது நடந்தது என்று அவள் கவனிக்கவில்லை. வீட்டுக்காரர் லீவு முடிந்து வேலைக்குப் போனார். திரும்பி வந்து, கடையிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்பார். அவள் தன் சின்னத் தட்டோடு தனியாக உட்கார்ந்து முடித்துவிடுவாள். அவர் மற்ற அறையில் டிவி பார்ப்பார். ரொட்டியும் இப்போது வீட்டுக்கு வருவதில்லை. தனக்காகத்தான் வாங்கி வராமல் இருக்கிறார் என்று முதலில் நினைத்தாள்.

நடக்கச் சொல்லியிருந்ததால் மதியம் டிப்போவிலிருந்து ஒரு சுற்று நடப்பாள். ஒருநாள் சுற்றை நீட்டி ரொட்டிக்கடைப் பின்வாசல் வழியாகப் போனாள். கதவு திறந்திருந்தது. அவர் மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. யாரோ பிடித்துவிடப் போகிறார்கள் என்பதுபோல் அவசர அவசரமாக விழுங்கினார். அவளுக்கு உள்ளே போகத் தோன்றவில்லை. சத்தம் காட்டாமல் திரும்பி நடந்தாள். குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய் அவரிடம் கேட்கவும் இல்லை.

நாத்தனாரின் பிறந்தநாளுக்கு அவள் வீட்டில் பத்துப் பதினைந்து பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். கேக் வீட்டுக்காரர் செய்தது. இரண்டு நாள் மெனக்கெட்டு, மூன்று அடுக்காக, மேலே சர்க்கரையில் பூப்பூவாக இழைத்திருந்தார். எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்துக்கொண்டே வந்தவர் பெரியக்காவின் முன்னால் வந்ததும் தயங்கினார். தட்டை நீட்டவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்தாள். மறுக்க மனம் வரவில்லை. வாங்கி ஒரு வாய் சாப்பிட்டாள். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து இன்னொரு வாய். பிறகு தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் உடம்பு பதிலடி கொடுத்தது. சின்ன இரைப்பையில் தங்காத சர்க்கரை நேரே குடலுக்குப் போய்விடும், அது தாங்காது என்று ஆலோசகர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இதயம் படபடத்தது. நெற்றியிலும் முதுகிலும் வியர்வை கொட்டியது. வயிற்றைப் பிசைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நாத்தனாரின் படுக்கையறைக்குப் போய் விழுந்தாள். வாசலில் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனார். வேண்டாம், படுத்திருந்தால் சரியாகிவிடும் என்று கையைக் காட்டினாள்.

நாத்தனார்தான் ஒரு பாத்திரமும் ஈரத்துணியுமாக வந்து கதவைச் சாத்தினாள். ஏதோ குத்தலாகச் சொல்லப் போகிறாள் என்று பெரியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.

"தினமும் இப்படித்தான் வருமா?" என்றாள்.

"இல்ல அண்ணி. இனிப்பு சாப்பிட்டா மட்டுந்தான்."

"அப்ப சாப்பிடாம இருந்தா ஒண்ணும் பண்ணாது?"

"பண்ணாது."

நாத்தனார் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "அந்த டாக்டர் எந்த ஆஸ்பத்திரில உக்கார்றாரு?" என்று கேட்டாள். கிடந்த கிடையிலும் பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சொன்னாள். தம்பியிடம் மூச்சுவிடக் கூடாது என்று நாத்தனார் கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்ப இருவரும் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தார்கள். மகள் முன்னாலேயே போய்விட்டாள். பெஞ்சில் வேறு யாரும் இல்லை. வண்டி வரத் தாமதமானது. எந்த டிரைவராக இருக்கும் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் பேசினார்.

"நான் செஞ்ச கேக்குதான் உன்ன இப்படிப் பண்ணிடுச்சு."

"கேக்கு என்ன பண்ணும்? வேணாம்னு சொல்ல வாய் வரல எனக்கு."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வார்த்தை சேர்வதற்கு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். காத்திருந்தாள்.

"எனக்குப் பேச வராதும்மா. தட்டுல எதையாவது வெக்கத்தான் தெரியும். நீ தட்ட மூடிட்ட. இப்ப இந்தக் கைய வெச்சு என்ன பண்றதுன்னு தெரியல."

"அதுக்கு மாவு மூட்டை பக்கத்துல நின்னு திருட்டுத்தனமாச் சாப்பிடுவாங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அவளால் சாப்பிட முடியாதபோது எதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் தொண்டையில் இறங்கவில்லை என்றார்.

"என் வயிறு சின்னதாச்சு, அவ்வளவுதான். உக்காந்து பேசறதுக்கு வயிறு எதுக்கு? நீங்க வீட்ல சாப்பிடுங்க. எனக்கு எதிர்ல. வேணாம்னு நான் சொன்னா அது சாப்பாட்ட, உங்கள இல்ல" என்றாள் அவள்.

வண்டி திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. அவர் எழுந்திருக்காமல் இன்னொன்றையும் சொன்னார். "பாத்த நாள்லேர்ந்து நீ ஒரே மாதிரிதான் இருந்த. இப்ப வீட்டுக்குள்ள யாரோ ஒல்லியா ஒரு பொம்பள நடமாடறா. யாருன்னு எனக்கே தெரியல."

"எனக்கும்தான் தெரியல," என்றாள். "ரெண்டு பேருமாப் பழகிக்கலாம். வாங்க, வண்டி வந்துடுச்சு."

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. அவர் மேசைக்கு வந்தார், ஆனால் முதல் சில நாள் விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் ரொட்டியைப் பிட்டு அவள் பக்கம் கொண்டுபோவார், பாதி வழியில் கை நிற்கும். அவள் பார்ப்பாள், அவர் தன் வாயிலேயே போட்டுக்கொள்வார். இருவரும் சிரித்துவிடுவார்கள். அவள் நாலு வாயில் முடித்துவிடுவதால் பேச நேரம் நிறைய இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவரும் கொஞ்சம் பேச ஆரம்பித்தார். அடுப்பில் ஒரு மூலை மட்டும் ஏன் அதிகம் சுடுகிறது, புது முதலாளி என்ன உளறுகிறார் என்பது போன்ற விஷயங்கள்தான். அவளுக்கு அதுவே புதிதாக இருந்தது. அடுத்த முறை அவள் ஆலோசகரைப் பார்க்கப் போனபோது அவரும் கூடவே வந்து, புளிக்கவைத்த மாவுக்கும் புளிக்காத மாவுக்கும் வயிற்றில் என்ன வித்தியாசம் என்று அவர் கேட்ட கேள்வியில் ஆலோசகர் அம்மாள் திணறிப்போனார்.

மறுபடியும் கருவியை மாட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். மூச்சு தடைபடாமல் ஓடியது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். பெரியக்காவின் வயிற்றில் பால் வார்த்தது. பல்செட்டையும் குடைகளையும் அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வண்டியில் ஏறினாள். சீட்டை முன்னால் இழுக்க வேண்டியிருந்தது. கண்ணாடிகளை எல்லாம் புதிதாகத் திருப்ப வேண்டியிருந்தது. ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருந்ததில் முதல் திருப்பத்தில் கொஞ்சம் தடுமாறினாள்.

மார்க்கெட் நிறுத்தத்தில் ஏறிய ஒரு பூ வியாபாரி அம்மாள், வழக்கமாக அவள் வண்டியில் வருகிறவர், டிரைவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த வண்டிய ஓட்டுமே ஒரு பெரியம்மா, அவங்க எங்க?" என்று கேட்டார்.

"லீவுல போயிருக்காங்க," என்றாள் பெரியக்கா.

"தங்கமான பொம்பள. பிரேக் போட்டாலே தெரியாது. அவங்க வர்ற வரைக்கும் நீ பாத்து ஓட்டு."

சரிங்கம்மா என்று ஓட்டினாள். அடுத்த நிறுத்தத்தில் வண்டி நின்றபோது அந்த அம்மாளின் கூடையிலிருந்த பூ ஒன்றுகூட அசையவில்லை. அவர் இறங்கப் போனவர் நின்று டிரைவரை மறுபடி உற்றுப் பார்த்தார். பெரியக்கா கதவைத் திறந்துவிட்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கட்டத்தில் எடை இறங்குவது நின்றுவிட்டது. எவ்வளவு பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாலும் முள் அசையவில்லை, நடுவில் கொஞ்சம் ஏறவும் செய்தது. பழைய உடம்பு கதவைத் தட்டுகிறதோ என்று அவள் பயந்தாள். இது எல்லாருக்கும் நடப்பதுதான், முழங்காலைப் படுத்தாமல் உடம்பை அசையுங்கள், நீந்தப் போங்கள் என்றார் டாக்டர். பள்ளிக்கூட நாளில் அவள் தண்ணீரில் மல்லாந்து படுத்தால் மணிக்கணக்கில் மிதப்பாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒல்லிப் பெண்கள் அவளிடம் தோற்பார்கள். அந்த நம்பிக்கையில் நீச்சல் குளத்துக்குப் போனாள். தொங்கும் தோல் தெரியாமல் முழங்கைவரை மறைக்கிற நீச்சலுடை ஒன்றை மகள் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தாள். துணைக்கு வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனாள். அவருக்குத் தண்ணீர் என்றாலே பயம். குளக்கரையில் காலை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பெரியக்கா ஆழமில்லாத பக்கம் இறங்கி, கையை விரித்து, பழையபடி ஒய்யாரமாக மல்லாந்தாள். தண்ணீர் தாங்கவில்லை. கால் முதலில் போனது, பின்னாலேயே எல்லாம் போனது. மூக்கிலும் வாயிலும் தண்ணீரோடு எழுந்து நின்று இருமினாள். நீச்சல் சொல்லிக்கொடுக்கும் நடுவயது அம்மாள் ஓடி வந்து விசாரித்துவிட்டு, "முன்ன மாதிரி சும்மாப் படுத்துக்கிட்டு மிதக்க முடியாதும்மா. உங்களுக்குக் கொழுப்பு குறைஞ்சுடுச்சு. இனிமே கை காலை ஆட்டணும்" என்றார்.

கரையிலிருந்து வீட்டுக்காரர், "அதெல்லாம் ஒண்ணும் குறையலங்க" என்றார்.

அவர் அப்படி நாலு பேருக்கு முன்னால் வாயடித்து அவள் பார்த்ததே இல்லை. தண்ணீரை அள்ளி அவர் மேல் வீசினாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறார்கள். அவள் குளத்தின் அகலத்தை ஒருமூச்சில் கடந்துவிடுவாள், நீளம் இன்னும் வரவில்லை. முடி திரும்ப முளைத்துவிட்டது, முன்பைவிடக் கொஞ்சம் சுருட்டையாக. தோல் அப்படியேதான் இருக்கிறது. சில நாள் அவசரத்தில் மெல்லாமல் விழுங்கிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும் உண்டு. நாத்தனாருக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பெரியக்காவின் போன் சூடாகிறது. வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீர்வரை இறங்கியிருக்கிறார். படியோரக் கம்பியை மட்டும் இன்னும் விடவில்லை.